மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் தம்பி அழுது தொலைத்ததால்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன்.

அவன் மகள் இளையோர் கார் பந்தயத்தில் ஓட்டுகிறாள். ஒரே ஒரு ஆள் உட்காருகிற கார். கூரை கிடையாது, கதவு கிடையாது. சக்கரம் வைத்த குளியல் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதுப் பெண் அதற்குள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டுவாள். முதல் முதலாக ஓட்டிப் பழகிய அன்று வண்டியை மூன்று தடவை சுழற்றி நிறுத்தினாள் என்று மெக்கானிக் அவளுக்குப் பம்பரம் என்று பேர் வைத்தார். இப்போது வீட்டிலும் அதே பேர்தான்.

சீசனின் முதல் பந்தயத்தில் பம்பரம் இரண்டாவதாக வந்தாள். பாதையோரத்து அடைப்புக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி விசும்பி விசும்பி அழுதுவிட்டான். சந்தோஷத்தில்தான். பந்தயச் சங்கம் அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. ‘அளவு கடந்த உணர்ச்சி’ என்று தீர்ப்பெழுதி, அவனுடைய ஆதரவாளர் உரிமத்தை சீசன் முழுக்க ரத்து செய்துவிட்டது.

ஆதரவு தருவதற்கு உரிமமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆமாம். வயது நிறையாத பிள்ளை ஓட்டினால், சங்கத்தில் பதிவு செய்த பெரியவர் ஒருவர் மைதானத்தில் இருந்தாக வேண்டும். அவர் பெயர் ஆதரவாளர். ஒரு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அவர் நிற்க வேண்டும். அவர் தப்பு செய்தால் தண்டனை பிள்ளைக்கு. அவர் இல்லாவிட்டால் வண்டியைக் கூடாரத்தை விட்டு நகர்த்தவே விட மாட்டார்கள்.

தம்பி என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“அண்ணே, நீதான் வரணும்.”

“எனக்கும் காருக்கும் என்னடா சம்பந்தம்? காலமெல்லாம் பஸ்ஸுல ஏறி இறங்கினவன் நான்.”

“காரைப் பத்தி ஒண்ணும் தெரிய வேணாம். சும்மா நிக்கணும், அவ்வளவுதான். உன் மூஞ்சியிலதான் எதுவுமே தெரியாதே.”

அது உண்மைதான். நான் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். மூஞ்சியில் எதையாவது காட்டினால் அந்த வேலையில் குப்பை கொட்ட முடியாது. ஒருத்தன் தாய் செத்துவிட்டாள் என்பான், இன்னொருத்தன் பர்ஸ் தொலைந்துவிட்டது என்பான். எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டு ‘டிக்கெட்’ என்று கையை நீட்ட வேண்டும். என் கல்யாணப் போட்டோவைப் பார்த்துவிட்டு, யார் தவறிப்போனது என்று விசாரித்தவர்கள் உண்டு.

“இந்த ஒரு சீசன் மட்டும் அண்ணே,” என்றான் தம்பி. “கடைசியில மொத்தப் புள்ளியில முதல் மூணு இடத்துக்குள்ள வந்துட்டா, பெரிய டீம்காரன் கூட்டிக்கிட்டுப் போயிருவான். அப்புறம் அவன் செலவு. நாலாவது வந்தா கைகுலுக்கி அனுப்பிருவாங்க.”

அவன் ஓட்டிப் பிழைத்த டெலிவரி வேனை விற்றுத்தான் இந்த சீசனே. விற்க அவனிடம் இன்னொரு வேன் இல்லை. பம்பரத்துக்கும் அது தெரியும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பயிற்சி வகுப்பு. வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இல்லை, நிற்கிற எங்களுக்கு.

ஆதரவு அலுவலர் என்று ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் விசில். சுவரில் ஒரு பெரிய படம் தொங்கவிட்டார். அதில் வரிசை வரிசையாக மனித முகங்கள். மேல் வரிசைகளுக்குப் பச்சை டிக், கீழ் வரிசைகளுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி.

“கைதட்டல் மூணு. உள்ளங்கை நெஞ்சுக்கு மேல போகக் கூடாது. புன்னகைக்கலாம். பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. உங்க பிள்ளைக்கு எவ்வளவு தட்டுறீங்களோ, அதே அளவு மத்த பிள்ளைங்களுக்கும் தட்டணும். சந்தேகம் இருந்தா கேளுங்க.”

நான் கையைத் தூக்கினேன். “வண்டி கவுந்தா?”

“என்னங்க?”

“பிள்ளை வண்டி கவுந்து கெடந்தா, எந்த மூஞ்சி?”

அவர் படத்தின் பக்கம் திரும்பி, பச்சை வரிசை, சிவப்பு வரிசை எல்லாவற்றிலும் விரலை ஓட்டித் தேடினார். கடைசியில், “அது இந்த வகுப்புல வராது. அது மருத்துவப் பிரிவு,” என்றார்.

வகுப்பு முடிந்ததும் தலைமை நடுவர் வந்து பேசினார். சால்வை போர்த்திவிட்டால் இறக்கி வைக்க மனசு வராத ஜாதி.

“குழந்தைகளின் நலனே எங்கள் மூச்சு. அந்தக் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து எது? வேகமா? இல்லை. பெற்றோர்! எனவே பெற்றோரிடமிருந்து குழந்தைகளைக் காக்கவே இந்த விதிகள். சென்ற ஆண்டு நம் ஓட்டுநர்களில் சிலருக்கு எலும்பு முறிந்தது. வருத்தம்தான். ஆனால் ஒரே ஒரு ஆதரவாளர்கூட மஞ்சள் கோட்டில் கால் வைக்கவில்லை. சங்கத்தின் வரலாற்றிலேயே சிறந்த ஆண்டு அது!”

எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று தட்டு. யாருடைய உள்ளங்கையும் நெஞ்சுக்கு மேலே போகவில்லை.

நான் நின்ற முதல் பந்தயத்தில் பம்பரம் நாலாவதாக வந்தாள். எனக்கு உள்ளே என்னவோ செய்தது. வெளியே வழக்கம்போல நின்றேன். வண்டி கூடாரத்துக்கு வந்து சேருவதற்குள் நடுவர் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

நீள மேஜைக்குப் பின்னால் தலைமை நடுவர். அவர் பக்கத்தில் ஆதரவு அலுவலர். இந்தப் பக்கம் நானும், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பம்பரமும்.

“நீங்கள் இந்தப் பெண்ணை ஆதரிக்கிறீர்களா?” என்றார் தலைமை நடுவர்.

“ஆதரிக்கிறேன்.”

“தெரியவில்லையே.”

“உள்ள இருக்குங்க.”

“உள்ளே இருப்பதை வைத்து நாங்கள் என்ன செய்வது? பந்தயம் முழுக்க உங்கள் முகத்தில் எந்த அசைவும் இல்லை. அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்?”

“அவ ஹெல்மெட் போட்டுக்கிட்டு இருநூறு கிலோமீட்டர் வேகத்துல போறா. என் மூஞ்சிய எப்பப் பாப்பா?”

“குறுக்கே பேசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்,” என்றார் தலைமை நடுவர் அலுவலரிடம்.

ஆதரவின்மை என்று தீர்ப்பு. நாலாம் இடம் எட்டாம் இடமாகிவிட்டது. வெளியே வந்ததும், “அழுதாலும் தப்பு, அழாட்டியும் தப்பு. நடுவுல எதாச்சும் இருக்கா பம்பரம்?” என்று கேட்டேன்.

“பச்சை டிக் போட்ட மூஞ்சி இருக்கு பெரியப்பா. வாங்க, பழகுவோம்.”

அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போகிற ஒவ்வொரு பயணத்திலும் எனக்கு அதுதான் வேலை. மெக்கானிக் தன் வண்டியை ஓட்டுவார், நான் முன்சீட்டில் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பேன், பின்னாலிருந்து அவள் திருத்துவாள்.

“பல்லு வலி மாதிரி இருக்கு பெரியப்பா. கொஞ்சம் தளர்த்துங்க.”

“இது போதுமா?”

“இது யாரையோ கடிக்கப் போற மாதிரி இருக்கு.”

“உங்கப்பன் ஒரு தடவை அழுதான். அதுக்கு நான் சீசன் பூராச் சிரிக்கணுமா?”

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் வண்டி ஓரமாக ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனது. “பெரியவரே, நீங்க சிரிச்சா எஞ்சின்ல சத்தம் வர்ற மாதிரி இருக்கு,” என்றார்.

எப்படியோ ஒரு சிரிப்பைப் பிடித்து முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு அடுத்த பந்தயத்தில் நின்றேன். பாதிப் பந்தயத்தில் யாரோ ஒரு பையனுடைய வண்டி புல்லில் போய்ச் செருகி நின்றது. என் சிரிப்பு அப்படியே இருந்தது. வந்ததே பெரிது, அதை எடுத்துவிட்டால் திரும்ப வராது என்று பயந்து நான் கழற்றவில்லை. ‘பிறர் துன்பத்தில் மகிழ்தல்’ என்று எழுதி பம்பரத்துக்குப் பத்து விநாடி ஏற்றிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த பந்தயத்தில் தும்மினேன். தும்மல் எங்கள் எதிராளி வண்டி தாண்டும்போது வந்தது. அது சபித்தலா, சளியா என்று தெளிவுபடுத்த ஒரு மருத்துவர் வரவழைக்கப்பட்டார். அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். அவர் என் மூக்கைப் பார்த்து முடிக்கும்வரை அடுத்த பந்தயத்தைத் தள்ளிப்போட்டார்கள். சளி என்று நிரூபணமானதால் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அடைப்பில் என் பக்கத்தில் ஒருவர் நிற்பார். சீசன் முழுக்க ஒரு குறையும் வாங்காத மனிதர். தட்டினால் சரியாக மூன்று. சிரித்தால் ஈறு தெரியாது. அடுத்தவன் பிள்ளை ஜெயித்தாலும் கண்ணில் லேசாக ஒரு பளபளப்பு. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“எப்படிங்க முடியுது? உங்க பையன் முன்னாடி போறான், உங்களுக்குப் படபடன்னு வரலையா?”

“என் பையனா? நான் நாடகக்காரன் சார். அவங்கப்பாவுக்கு டைல்ஸ் ஃபேக்டரி. அவருக்கு வர்றதுக்கு நேரமில்லை, நாள் கூலிக்கு என்னைய போட்டிருக்காரு.” பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். “பையன் பேருகூட எனக்குச் சரியாத் தெரியாது. நாலாம் நம்பர்.”

நாலாம் நம்பர் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தான். நல்லாத்தான் ஓட்டினான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனை யாரும் விசாரணைக்குக் கூப்பிட்டதே இல்லை.

நானும் கற்றுக்கொண்டேன். நாடகக்காரர் தட்டினால் தட்டுவேன், சிரித்தால் சிரிப்பேன். பம்பரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்ற நாளில்தான் அவள் முதல் முதலாக ஜெயித்தாள். அவள் ஜெயித்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் என் ஆதரவுக்கு ‘மிக நன்று’ கொடுத்தார்கள்.

கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் சங்கம் ஒரு புது ஏற்பாடு செய்தது. ஆதரவாளர்கள் கூட்டத்தில் நின்று ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்துவிட்டதாம். ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு கேமரா வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அத்தனை கேமராவுக்கு எங்கே போவது? பாதை வளைவுகளில் இருந்த கேமராக்களைக் கழற்றிக்கொண்டு வந்து அடைப்பைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டார்கள்.

மெக்கானிக் ஆதரவு அலுவலரிடம் போய்க் கேட்டார். “அப்ப பாதைய யாரு சார் பாக்கறது?”

“பாதைய பாக்கத்தான் இத்தனை ஆதரவாளர் நிக்கறாங்களே!” என்றார் அவர்.

நான் பஸ்ஸில் எத்தனையோ பதில் கேட்டிருக்கிறேன். டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்து என் தோளைத் தட்டினார். “பம்பரம் மூணாவது இடத்துல இருக்கா பெரியவரே. பின்னாடி இருக்கறவன் எட்டிப் பிடிக்கவே முடியாது. இன்னிக்கு நம்ம வண்டி நடுவழியில நின்னுட்டாக்கூட சீட்டு நமக்குத்தான். நீங்க கோட்டத் தாண்டாம நின்னாப் போதும். தாண்டினா சீசன் புள்ளியில பாதி போயிரும்.”

தம்பி அடைப்புக்கு வெளியே, டிக்கெட் வாங்கிய கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்குத் தம்பியாகப் பிறந்தவன் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

பம்பரம் ஹெல்மெட் போடுவதற்கு முன்னால் என்னிடம் வந்தாள். “சிரிங்க.”

சிரித்தேன்.

“சூப்பர். அப்படியே வச்சுக்கங்க.”

“நீ மெதுவாவே போ. இன்னிக்கு ஓடி ஒண்ணும் ஆகப் போறதில்லையாம்.”

“மெதுவாப் போறதுக்கா பெரியப்பா அப்பா வேன வித்தாரு?”

பந்தயம் ஆரம்பித்தது. நான் நாடகக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறாவது இடத்தில் போகிறாள் என்று ஒலிபெருக்கி சொன்னது. தட்டினோம். அப்போது அவர் கண்ணில் அந்தப் பளபளப்பு ஒரு கணம் காணாமல் போனது. சீசன் முழுக்க நான் பார்க்காத ஒன்று அது. திரும்பிப் பார்த்தேன்.

எங்களுக்கு எதிரே இருக்கிற வளைவில் ஒருத்தன் பின்னாலிருந்து அவள் சக்கரத்தில் உரசிவிட்டான். அவள் வண்டி சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. சரளைக் கல் மேல் எகிறி, ஓரத்தில் அடுக்கிவைத்திருந்த டயர் சுவருக்குள் மூக்கு முழுக்கப் போய்விட்டது. மேலே இருந்த டயர்கள் சரிந்து வண்டியை மூடின. தூசி எழும்பியது. தூசி அடங்கியது. எதுவும் அசையவில்லை.

மற்ற வண்டிகள் அந்த வளைவில் சீறிக்கொண்டு போனபடியே இருந்தன. அங்கே நின்ற கொடிக்காரர் ஒரு கையில் மடித்த கொடியும் இன்னொரு கையில் வயர்லெஸ்ஸுமாகக் கத்திக்கொண்டிருந்தார். “ஆக்சிடென்ட் சார்! ஆமா சார்! என்னது, தெரியலையா? சார், என் கண்ணு முன்னால சார்!” உத்தரவு வராமல் அவர் கொடியைப் பிரிக்கக் கூடாது. கொடி பிரியாமல் ஆம்புலன்ஸ் நகரக் கூடாது.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு திரையிலும் பாதை இல்லை. எல்லாத் திரையிலும் நாங்கள்தான்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. “ஒன்பதாம் எண் ஆதரவாளர் கவனத்துக்கு. வாயை மூடவும்.”

என் வாய் திறந்திருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சத்தம் வேறு வந்துகொண்டிருந்தது போலிருக்கிறது.

“ஒன்பதாம் எண் ஆதரவாளர், இது இரண்டாம் எச்சரிக்கை.”

அதற்கப்புறம் நான் யோசித்தேன், முடிவெடுத்தேன் என்றெல்லாம் சொன்னால் பொய். எனக்கு முட்டி வலி. மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். கோட்டைத் தாண்டியது, புல்லைத் தாண்டியது, ஒரு செருப்பு கழன்றது எதுவும் ஞாபகமில்லை. டயரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கொடிக்காரரும் வயர்லெஸ்ஸை வீசிவிட்டு வந்து கூடத் தள்ளினார்.

உள்ளே ஹெல்மெட் தெரிந்தது. கண்ணாடி மேலே ஏறியது. இரண்டு கண் என்னைப் பார்த்தன.

“பெரியப்பா,” என்றாள். “கோட்டத் தாண்டிட்டீங்களா?”

“கை கால் எல்லாம் இருக்கா?”

“இருக்கு. இடது கை மட்டும் வலிக்குது. மூச்சு அடைச்சுப் போச்சு, அதான் அசையாம இருந்தேன். நீங்க போங்க. சீக்கிரம். யாரும் பாக்கறதுக்குள்ள திரும்பி ஓடிருங்க பெரியப்பா!”

“எல்லாரும் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க பம்பரம்,” என்றேன்.

விசாரணைக்குத் தம்பியையும் உள்ளே விட்டார்கள். பம்பரத்தின் இடது கை கட்டுப் போட்டுத் தொங்கியது. மணிக்கட்டில் எலும்பு முறிவு.

தலைமை நடுவர் அன்றைக்கு ரொம்ப நிதானமாக இருந்தார். “ஆதரவாளர் கோட்டைத் தாண்டியிருக்கிறார். தக்க காரணம் இருந்தால் மன்னிக்க விதியில் இடமுண்டு. காரணம் என்ன?”

“விபத்துங்க,” என்றேன்.

“இன்றைய பந்தயத்தில் விபத்து எதுவும் பதிவாகவில்லை.”

“அவ கை ஒடிஞ்சிருக்கு.”

“கை பதிவாகியிருக்கிறது. விபத்து பதிவாகவில்லை.”

“வண்டி நொறுங்கிக் கெடக்கு சார்!” என்றான் தம்பி.

“வண்டி நொறுங்கிய நிலையில் இருக்கிறது என்பதைச் சங்கம் ஒப்புக்கொள்கிறது. இருந்தாலும் விபத்து நடந்தால் கொடி காட்டப்படும். கொடி காட்டப்படவில்லை. ஆகவே நடக்கவில்லை. கொடிக்காரர் அனுமதியின்றி வயர்லெஸ்ஸை எறிந்தது குறித்துத் தனியே விசாரிப்போம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி இதுதான்.”

ஆதரவு அலுவலர் சுவரில் இருந்த திரையைப் போட்டார்.

ஒரு கிழவன். வாய் கிழிந்துவிடும்போலத் திறந்திருந்தது. மேல் ஈறு, கீழ் ஈறு, தொண்டை வரைக்கும் தெரிந்தது. கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தன. கை இரண்டும் தலைக்கு மேலே. அந்த முகத்தை நான் எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை.

தம்பி என் கையைப் பிடித்தான். “அண்ணே... இது நீயா?”

“ஈறு தெரிகிறது,” என்று அலுவலர் குச்சியால் தொட்டுக் காட்டினார். “கை நெஞ்சுக்கு மேலே.”

புள்ளியில் பாதி போனது. பம்பரம் ஏழாவது இடம். தீர்ப்பைப் படித்து முடித்துவிட்டுத் தலைமை நடுவர் எழுந்து நின்றார். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், அவருக்கு அது போதுமாக இருந்தது. “இந்த ஆண்டு சங்கம் ஒரு விபத்துகூட இல்லாமல் சீசனை நிறைவு செய்திருக்கிறது. ஒரே ஒரு கோடு மீறல். அதையும் ஒரு பாடமாக மாற்றுவோம். இந்தப் படம் வரும் ஆண்டு முதல் பயிற்சி வகுப்பில் சிவப்பு வரிசையில் முதலாவதாக இடம்பெறும்.”

பம்பரம் அவரைக் கவனிக்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து தூக்கியபோது என் மேல் வந்த கோபம், இந்த அறைக்கு வருகிற வரைக்கும் அப்படியே இருந்தது. இப்போது அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

“சார், இந்தப் படத்த எனக்கு ஒரு காப்பி தருவீங்களா?”

“எதற்கு?”

“வச்சுக்கறதுக்கு.”

தலைமை நடுவர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் தலையை ஆட்டினார்.

“அது சங்கத்தின் சொத்தம்மா. வெளியே தர முடியாது.”

திரையை அணைத்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் நாடகக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் சிறந்த ஆதரவாளர் கேடயம். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என் அருகில் வந்தார். “சார், தப்பா நெனைக்காதீங்க,” என்றார் மெதுவாக. “எவ்வளவோ மேடை ஏறியிருக்கேன். அந்த அலறல் எனக்கு வந்ததே இல்லை.” நல்ல மனிதர்தான்.

பம்பரம் நல்ல கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மறுபக்கம் வந்தான். வெளிவாசலுக்கு வந்தபோது பார்த்தேன், அங்கேயும் தரையில் ஒரு மஞ்சள் கோடு. எதற்காகப் போட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டோம்.

யாராவது வந்து போகச் சொல்வார்கள் என்று நின்றுகொண்டிருந்தோம்.